நான்கு முறை அவிழ்ந்த கயிறு

1996ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை நடந்தது இது. கலவானைக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டம் ஒன்றுதான் என் ஊர். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அன்று காலை ஒன்பது மணிக்கு இரத்தினபுரியில் எனக்கு நேர்முகத் தேர்வு. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்து, ஏழு மாதம் காத்திருந்து வந்த கடிதம். "குறித்த நேரத்துக்குச் சமுகமளிக்காதவர்கள் கருத்திற்கொள்ளப்பட மாட்டார்கள்" என்று அதன் கடைசி வரியில் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்திலிருந்து பஸ் எடுக்கும் இடத்துக்கு மூன்று மைல். முழுவதும் இறக்கம். அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தில்தான் பஸ் இரவு நிற்கும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, கலவானை வழியாக எட்டேகாலுக்கு இரத்தினபுரி போகும். அதை விட்டால் பத்தரைக்கு ஒன்று. பெரிய வீதியோரம் வீடு இருப்பவர்கள் ஒரு பஸ்ஸை விட்டால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு அடுத்ததில் ஏறுவார்கள். எங்களுக்கு அந்த ஆறு மணி பஸ் போனால் அன்றைய நாளே போய்விடும். அடையாள அட்டைக்குப் போனாலும் கிளினிக்குக்குப் போனாலும் "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்குப் போனால் இன்னொரு நாள் சம்பளம் போகும். இதனால் நகரத்தில் எங்களுக்கு ஒரு பெயரே இருந்தது, தோட்டத்து ஆட்கள் என்றால் நேரத்துக்கு வரமாட்டார்கள் என்று.

அந்த பஸ்ஸில் இன்னொரு வழக்கமும் உண்டு. கிராமத்து ஆட்கள் விடியுமுன்னே வந்து, ஒவ்வொரு சீட்டிலும் குடை, கைக்குட்டை, துணிப்பை என்று எதையாவது போட்டுவிட்டுத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மூன்று மைல் நடந்து வரும் நாங்கள், ஆளில்லாத சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய் நிற்போம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றபடி பயணம். அதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை, யாரும் கேள்வியும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வருஷம் தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், முன் சீட்டில் கிடந்த வெற்றிலைக் கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கட்டுக்குச் சொந்தக்காரர், கலவானைக்கு வெற்றிலை கொண்டுபோய் விற்கும் ஒரு சிங்கள அம்மாள். அறுபது வயதிருக்கும். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"ஏய், யாருடைய சீட்ல இருக்கே? எழும்பு!"

"சீட்ல உங்க பேரு எழுதியிருக்கா? எங்கே, காட்டுங்க பாப்போம்."

சிங்களத்தில்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே அந்த மொழி வரும். அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம். கலவானை வரைக்கும் சண்டை. தோட்டத்து ஆட்கள் எப்போதும் பின்னால்தானே போவார்கள், உனக்கு மட்டும் என்ன வந்தது என்றார். நானும் விடவில்லை. வயதுக்கு மரியாதை இல்லாமல் சிலதைச் சொன்னேன், இங்கே அவற்றை எழுத எனக்கு விருப்பமில்லை. அதன் பிறகு பஸ்ஸில் எங்கே கண்டாலும் அவர் முகத்தைத் திருப்புவார், நான் முறைப்பேன். நான்கு மாதம் இது சளைக்காமல் நடந்தது.

தேர்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, சான்றிதழ்களைப் பிரதி எடுத்துக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பினேன். அன்றைக்கும் அந்த அம்மாள் முன் சீட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நான் கொண்டக்டரிடம் போய், "திங்கட்கிழமை எனக்கு இன்டர்வியூ இருக்கு அண்ணா, என்னை விட்டுட்டுப் போயிராதீங்க" என்றேன். அவன் சில்லறையை எண்ணிக்கொண்டே, "பஸ் ஆறு மணிக்குப் போகும். யாருக்காகவும் நிக்காது" என்றான். நின்றால் கலவானையில் பஸ் நேரம் குறிக்கும் டைம் கீப்பரிடம் மாட்டிக்கொள்வான், அவனைக் குறை சொல்ல முடியாது. வெற்றிலைக்கார அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

இனித்தான் கடிகாரத்தின் கதை. நாட்டில் மின்சாரத் தட்டுப்பாடு என்று அந்த வெள்ளிக்கிழமை நள்ளிரவிலிருந்து எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளவேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. எங்கள் லயத்துக்கு மின்சாரமே கிடையாது. இல்லாத மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எங்கள் கடிகாரத்தையும் தள்ளவேண்டுமாம் என்று அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே ரேடியோச் செய்தி முடிந்த கையோடு சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஒரு சுற்றுச் சுற்றி மாட்டினார். அம்மா அதற்கு முன்பே தூங்கிவிட்டார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

எங்கள் வீட்டுக் கடிகாரம் நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலையில் சங்கு ஊதும்போது அம்மா அதைப் பார்த்து முள்ளைச் சரிசெய்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது நடக்கிறது. சனிக்கிழமையும் சங்கு ஊதியது. ஆனால் தோட்டம் பழைய நேரத்திலேயே ஊதியது. இருட்டில் எப்படிக் கொழுந்து எடுப்பது, சூரியன் வரும் நேரத்தை மாற்ற முடியுமா என்று, தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சங்கை மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அது எங்களுக்குத் தெரியாது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், ஆறு என்று காட்டியது. என்றைக்கும் பின்தங்குகிற கடிகாரம் இன்றைக்கு முன்னால் ஓடிவிட்டதே என்று, மகள் தேர்வுக்குப் போகும் நேரத்தில் இது தகராறு செய்யக்கூடாது என்று, ஐந்துக்குத் திருப்பி வைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலையும் இல்லை, சங்கும் இல்லை. நாங்களும் எங்கேயும் போகவில்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக் கடிகாரம் நாலரை காட்டும்போது நான் வெளிக்கிட்டேன். ஐந்தரைக்கு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டால், புறப்பட இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும் என்பது கணக்கு. அப்பாவுக்கு அன்று தொழிற்சாலையில் வேலை, பாதி வழி வரை டோர்ச் அடித்துக்கொண்டு வந்து, ஓடை தாண்டும் இடத்தில் திரும்பிப் போனார். அவர் போன சிறிது நேரத்தில் மேலே சங்கு ஊதியது. ஐந்து மணி, நல்ல நேரம் இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஓடையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, காலில் இருந்த சேற்றைக் கழுவி, சாரி மடிப்பைச் சரிசெய்து, செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் நடந்தேன். போகிற வழியில் கேள்விகளுக்குப் பதில் வேறு சொல்லிப் பார்த்தேன். அப்போது உண்மையான நேரம் ஆறு மணி தாண்டியிருந்தது.

கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. முதலில் ஒரு தடவை. பிறகு விட்டு விட்டு, கடைசியில் விடாமல். இந்த நேரத்தில் எதற்கு இப்படி அடிக்கிறான் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

கடைசி வளைவில் திரும்பியபோது தேநீர்க் கடை முதலாளி வீதிக்கு நடுவில் வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் முஸ்லிம், எங்களோடு தமிழில்தான் பேசுவார்; அண்ணன் முறை வைத்து அவரை நானா என்று கூப்பிடுவோம்.

"ஓடி வாங்க புள்ள, ஓடி வாங்க! ஆறரையாகப் போகுது!"

"என்ன நானா சொல்றீங்க? இப்பத்தானே அஞ்சு மணிச் சங்கு ஊதினுச்சு?"

"அது பழைய நேரம்! ஏறுங்க முதல்ல!"

ஆனால் பஸ் இன்னும் போகாமல் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன் கதவின் மிதிபலகையில், வழியை முழுவதும் அடைத்துக்கொண்டு, வெற்றிலைக்கார அம்மாளின் பெரிய கூடை. அதற்குப் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டு அவர் கூடையின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொண்டக்டர் தலையில் கைவைத்தபடி கத்திக்கொண்டிருந்தான். டிரைவர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் இறங்கி வெளியே நின்றார்கள்.

நான் நினைத்ததை மறைக்காமல் சொல்கிறேன். கிழவியின் கயிறு அறுந்ததும் நல்லதாகப் போயிற்று, என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். ஒரு கூடையைக் கட்டத் தெரியவில்லை, சீட்டுக்கு மட்டும் சண்டை பிடிக்கத் தெரிகிறது என்றும் மனதுக்குள் சிரித்தேன். அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். உடனே கயிற்றை இழுத்து ஒரே முடிச்சுப் போட்டு, கூடையைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டு, எதுவும் நடக்காதது போல ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். பஸ் பறந்தது.

நான் வழக்கம்போல் பின்னால் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. முதல் திருப்பம் தாண்டியதும் கொண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தான். முகம் சிவந்திருந்தது.

"தப்பிச்சேன் அண்ணா" என்றேன். "நல்ல நேரத்துல அந்தம்மாவோட கயிறு அறுந்துச்சு."

"அறுந்துச்சா?" என்றான். "நாலு தடவை அவிழ்த்தாங்க! நான் கட்டக் கட்ட அவிழ்த்தாங்க! என்னைத் தொடவும் விடல. கேட்டா, தோட்டத்துப் பெண்ணு வராம இந்தக் கூடை உள்ள போகாது, கூடை போகாம பஸ் போகாதுங்கிறாங்க. ஹோர்ன் அடி, அடி, அப்பத்தான் அவளுக்குக் கேக்கும்னு டிரைவரை வேற ஏசுறாங்க. இன்னைக்குக் கலவானையில எனக்கு இருக்கு!"

எனக்கு டிக்கெட்டை வாங்கவும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற, கிளினிக்குக்குப் போகிற கிராமத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவரும் இருபத்தைந்து நிமிடம் வெளியே நின்றவர்தான்.

ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். "என் வீட்டுக்கும் உங்க சங்குதான் கடிகாரம். நாப்பது வருஷமா அதைக் கேட்டுத்தான் எழும்புறேன். இன்னைக்கு மகன் அவன் வாட்சைப் பாத்து இருட்டோட எழுப்பிவிட்டான். வந்து பஸ்ல ஏறுறேன், அப்பத்தான் மேல சங்கு ஊதுது. அப்போ தோட்டம் இன்னும் பழைய நேரத்துல இருக்கு, நீ இன்னும் வழியில இருக்கேன்னு தெரிஞ்சிச்சு. தெரிஞ்ச பிறகு எப்படிப் போறது?"

அவ்வளவுதான் சொன்னார். பெரிய மனது, தர்மம் என்று எதுவும் பேசவில்லை. பக்கத்துச் சீட்டில் கிடந்த வெற்றிலைக் கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காரு. இன்டர்வியூவுக்குக் கசங்காம போகணும்" என்றார். பிறகு விரலை உயர்த்தி, "இன்னைக்கு மட்டுந்தான்" என்றார்.

அந்த சீட்டில்தான் உட்கார்ந்தேன். கலவானை வரைக்கும் நான் ஜன்னலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன், அவர் பார்க்காததுபோல் இருந்தார். கலவானையில் அவர் இறங்கும்போது ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு ஏற, என்னால் எழுந்து கூடையைப் பிடிக்கக்கூட முடியவில்லை. டைம் கீப்பர் கொண்டக்டரைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு அங்கேயும் போய் ஏதோ சத்தமாகச் சொன்னது மட்டும் கேட்டது.

இரத்தினபுரிக்குப் போனபோது எட்டு ஐம்பது. ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். சரியாக ஒன்பதுக்குப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். என் பெயரைச் சொன்னபோது எழுந்து நின்றேன். எனக்குப் பிறகு வாசித்த இரண்டு பெயர்களுக்குப் பதில் வரவில்லை. இரண்டு தடவை வாசித்துவிட்டு, பட்டியலில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். அவர்கள் எந்தத் தோட்டம், ஏன் வரவில்லை, அவர்களும் ஒரு சங்கை நம்பி எங்கேயாவது ஓடையோரம் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு கோடுகளையும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். கடிகாரத்தைத் திருப்பி வைத்தது அம்மாதான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. "சங்கு எப்பவாச்சும் பொய் சொல்லியிருக்கா? நான் நல்லதுன்னு நெனச்சுத்தானே வச்சேன்" என்று சொல்லி அம்மா அழுதுவிட்டார். அப்பா எழுந்துபோய்க் கடிகாரத்தை மறுபடி முன்னால் தள்ளி வைத்தார். எனக்கு அம்மா மேல் கோபமே வரவில்லை. அன்றைக்கு அவரும் அந்த சிங்கள அம்மாளும் செய்ய நினைத்தது ஒரே காரியம். ஒருவருடையது தவறிப்போனது, இன்னொருவர் அதைத் தாங்கிப் பிடித்தார்.

மறுவாரம் ஒரு நாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. யாருக்கும் சொல்லாமல் விடியுமுன் கிளம்பி, அந்த மூன்று மைலும் இறங்கிப் போயிருக்கிறார். தோட்டத்தில் எங்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத்தூளில் ஒரு பொட்டலம் கையில். திரும்பி வரும்போது மடி நிறைய வெற்றிலை. "என்னம்மா பேசினீங்க?" என்று கேட்டேன். "என்னத்தப் பேசுறது? ஒன்னோட வாய்தான் பெருசுன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்" என்றார்.

மூன்று மாதம் கழித்து நியமனக் கடிதம் வந்தது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே போட்டிருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அந்த அம்மாள் தேநீர்க் கடையில் இருந்தார். பஸ்ஸில் அவர் சீட்டில் வழக்கம்போல் வெற்றிலைக் கட்டு. இந்தத் தடவை எப்படியாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். நான் வாயைத் திறக்குமுன்னே அவர், "பள்ளிக்கூடம் எங்கே? மேலேயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ இனி காலையில பஸ்ஸுக்கு வரமாட்டே. நல்லது, என் சீட் தப்பிச்சுது" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நன்றி அன்றும் சொல்லப்படாமலே போயிற்று. சில வருஷங்களுக்குப் பிறகு அவர் இறந்துவிட்டார். மரண வீட்டுக்கு எங்கள் லயத்திலிருந்து பதினொரு பேர் போனோம்.

இப்போது மேலே வரைக்கும் வீதி போட்டிருக்கிறார்கள், ஆட்களை ஏற்றிப்போகும் வான் ஒன்று காலையில் வருகிறது. ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு, தோட்டத்தின் மேல் பிரிவில் குடியிருக்கும் பிள்ளைகள் இன்னமும் காட்டுப் பாதையில் ஒன்றரை மைல் நடந்துதான் வருகிறார்கள். மழை நாளில் ஓடை பெருகினால் சுற்றி வரவேண்டும். புதிதாக வரும் ஆசிரியர்கள் சிலர், நேரம் என்றால் நேரம்தானே, பழக்கிவிடவேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம், நான் வாதாடுவதில்லை. காலை மணி அடிக்கும் வேலையை மட்டும் இத்தனை வருஷமாக நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேல் வளைவில் அந்தப் பிள்ளைகளின் தலை தெரிகிறதா என்று பார்ப்பேன். கோடு விழுந்த அந்த இரண்டு பெயர்களும் எனக்கு நினைவுக்கு வரும். இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, எப்படி அடிப்பது?